குப்பியின் மேல் எழுதிய நேரம்

அக்காவிடம் அந்த வரைபடத்தைக் காட்டிய மாலையை நினைத்தால் இன்றும் நெஞ்சு உறுத்துகிறது. மூன்று நாள்களில் பதினைந்து சிறு குப்பிகளில் நான் சேர்த்துக் கொடுத்த உமிழ்நீரில் கார்டிசால் என்னும் ஹார்மோன் எவ்வளவு இருந்தது என்பதை, நேர வரிசையில் புள்ளிகளாக வைத்து இணைத்த கோடு அது. கண் விழித்த அரை மணி நேரத்துக்குள் மேலேறியிருக்க வேண்டிய கோடு, என் வரைபடத்தில் ஏறவே இல்லை. முதல் புள்ளியிலிருந்தே சரியத் தொடங்கி, இரவுவரை சரிந்துகொண்டே போனது. "நான் ஓய்ந்துபோய்விட்டேன் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன், நீ நம்பவில்லை. இப்போது என் உடம்பே சொல்கிறது, பார்" என்றேன். அக்கா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்தாள். அவளுடைய மௌனத்தை அன்று என் வெற்றியாக எடுத்துக்கொண்டேன். அந்தக் கோடு பொய் என்பதும், அந்தப் பொய்யை எழுதியது என் கைதான் என்பதும் எனக்கு விளங்க மேலும் மூன்று வாரங்கள் ஆயின.

அப்பாவுக்கு நினைவு மங்கத் தொடங்கி அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. பகலில் அவர் பெரும்பாலும் அமைதியாக இருப்பார். இரவில்தான் எழுந்து நடப்பார், கதவைத் திறக்கப் பார்ப்பார், என்னை யாரென்று கேட்பார். வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடிய வேலை எனக்கு வாய்த்திருந்ததால், அவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, யாரும் கூடி உட்கார்ந்து முடிவெடுக்காமலேயே, என்னிடம் வந்து சேர்ந்திருந்தது. அக்கா வாரம் ஒருமுறை பகல் வேளையில் வந்து போவாள். அவள் வரும் நேரத்தில் அப்பா தெளிவாகப் பேசுவார், சிரிப்பார். "நீ சொல்கிற அளவுக்கு ஒன்றும் இல்லையே" என்று அவள் சொல்லிவிட்டுப் போகும்போது, அவள் கண்ணில் படாத இரவுகளை எப்படி எடுத்துச் சொல்வது என்று தெரியாமல் நிற்பேன். அத்தகைய நாள்களில்தான், நோயுற்ற குடும்பத்தினரைப் பராமரிப்பவர்களின் மன அழுத்தத்தை உமிழ்நீர் வழியாக அளக்கும் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றுக்குத் தன்னார்வலர்கள் தேவை என்ற அறிவிப்பைப் பார்த்தேன். அறிவியலுக்கு உதவுவதற்காகச் சேர்கிறேன் என்று படிவத்தில் எழுதினேன். எனக்கு வேண்டியிருந்ததோ ஒரு சாட்சி.

எச்சில் எப்படிச் சாட்சியாகிறது

ஆய்வுக் குழுவைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் முதல் நாள் எனக்குப் பொறுமையாக விளக்கினார். நெருக்கடி ஒன்றை உணர்ந்ததும் மூளையிலிருந்து உடலுக்கு இரண்டு வழிகளில் செய்தி போகிறது. முதலாவது நரம்பு வழி: பரிவு நரம்பு மண்டலம் சில நொடிகளிலேயே இதயத்தை விரட்டி, உள்ளங்கையை வியர்க்க வைக்கிறது. இரண்டாவது இரத்த வழி: மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் அதன் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்கும், பிட்யூட்டரி சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளுக்கும் வேதிச் செய்தி அனுப்ப, அட்ரீனல் கார்டிசாலைச் சுரக்கிறது. இந்த இரண்டு வழிகளின் தடயமும் வாயில் கிடைக்கிறது. மாவுப்பொருளைச் செரிப்பதற்காக உமிழ்நீரில் இருக்கும் ஆல்பா அமைலேஸ் என்னும் நொதி, நரம்பு வழி விழித்துக்கொண்ட சில நிமிடங்களிலேயே கூடிவிடுகிறது. கார்டிசால் பின்னால் நிதானமாக வருகிறது. இரத்தத்தில் ஓடும் கார்டிசாலில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு புரதங்களோடு பிணைந்து கிடக்கிறது. பிணைப்பின்றித் திரியும் சிறு பங்குதான் திசுக்களுக்குள் நுழைந்து வேலை செய்கிறது. உமிழ்நீர்ச் சுரப்பியைக் கடந்து வாய்க்கு வருவதும் அந்தச் சிறு பங்குதான். ஊசி குத்தினாலே பதறுபவரிடம் இரத்தம் எடுத்து அவருடைய பதற்றத்தை அளப்பதில் உள்ள சிக்கலும் இதில் இல்லை. வீட்டில், படுக்கையில், நள்ளிரவில்கூட எடுத்துக்கொள்ளலாம்.

அவர் சொன்னவற்றுள் ஒன்று என்னை உடனே பற்றிக்கொண்டது. ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் 1993-இல் உருவாக்கப்பட்ட ஒரு சோதனை இத்துறையில் அளவுகோலாக இருக்கிறது. முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத நடுவர்களின் முன் நின்று, வேலைக்குத் தன்னைத் தகுதியானவர் என்று நிறுவும்படி ஒருவர் ஐந்து நிமிடம் பேச வேண்டும். பிறகு 1,022-இலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பங்கேற்பவர்களில் பெரும்பாலோருக்குக் கார்டிசால் இரண்டு மூன்று மடங்காகிறது. ஏன் இந்தச் சோதனை இவ்வளவு வலுவாக வேலை செய்கிறது என்பதற்கு, 208 ஆய்வக ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2004-இல் வெளிவந்த பகுப்பாய்வு ஒரு விடை தந்தது: பிறர் நம்மை எடைபோடுகிறார்கள் என்ற உணர்வும், நடப்பது எதுவும் நம் கையில் இல்லை என்ற உணர்வும் ஒன்றுசேரும்போதுதான் கார்டிசால் மிக அதிகமாக ஏறுகிறது. வேலையின் கடுமை மட்டும் அதைச் செய்வதில்லை. இதைக் கேட்டபோது எனக்கு அப்பாவின் நினைவு வரவில்லை, அக்காவின் நினைவுதான் வந்தது. அப்பா என் கையில் இல்லை. அக்கா என்னை எடைபோடுகிறாள். என் வீடே அந்த நடுவர்களின் அறையாகத் தோன்றியது.

இன்னொன்றையும் அவர் அழுத்திச் சொன்னார். எந்த நிகழ்வானாலும் அதன் கார்டிசால் உச்சம் உமிழ்நீரில் தெரிய இருபது முப்பது நிமிடங்கள் ஆகும். ஆகவே குப்பியில் விழுவது அந்த நொடியின் மனநிலை இல்லை, சற்று முன்பு நடந்து முடிந்ததன் எதிரொலி. அப்பா கதவைத் தட்டிக் கூச்சலிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்த எச்சிலில் அந்தக் கூச்சல் இன்னும் வந்து சேர்ந்திருக்காது. அவர் தூங்கி, நான் நாற்காலியில் சாய்ந்து, எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைக்கும் வேளையில்தான் அது வாய்க்குள் நிறைந்திருக்கும். அழுத்தம் என்பது உடலில் தாமதமாக வந்து, தாமதமாகவே கிளம்பிப் போகும் ஒன்று என்பதை அதுவரை நான் இப்படி எண்ணிப் பார்த்ததில்லை. இரவில் அவர் உறங்கிய பிறகும் எனக்கு ஏன் நெடுநேரம் தூக்கம் பிடிப்பதில்லை என்பதற்கு அதில் ஒரு விளக்கம் இருப்பதாகப் பட்டது.

விழித்த பின் முக்கால் மணி நேரம்

நாள் முழுவதிலும் ஆய்வாளர்கள் மிகவும் கவனிப்பது விடியற்காலையைத்தான். கார்டிசால் இரவின் பிற்பகுதியிலேயே கூடத் தொடங்கிவிடுகிறது; கண் விழித்ததும் அதன்மேல் ஒரு திடீர் உயர்வு ஏறி, முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டு, பிறகு நாள் முழுக்கச் சரிந்து, நள்ளிரவை ஒட்டித் தரைமட்டத்துக்கு வருகிறது. 1997-இல் விரிவாக விவரிக்கப்பட்ட இந்த விழிப்பு எழுச்சி, நலமாக உள்ள பலருக்கும் விழித்த கணத்தின் அளவைவிடப் பாதி அளவு கூடுதலாக இருக்கும். வரப்போகும் நாளுக்காக உடல் தன்னைத் தயார் செய்துகொள்வது என்று இதற்குப் பொருள் கொள்கிறார்கள். நாள்பட்ட அழுத்தத்தில் இந்த எழுச்சியோ, அதற்குப் பின் வரும் சரிவோ உருக்குலைகிறதா என்பதுதான் பராமரிப்பவர்களிடம் அவர்கள் தேடியது.

எனக்குக் கொடுத்த அறிவுரைகள் எளிமையானவையாகத்தான் தோன்றின. விழித்தவுடன் ஒன்று, முப்பது நிமிடம் கழித்து ஒன்று, நாற்பத்தைந்து நிமிடம் கழித்து ஒன்று, பிற்பகலில் ஒன்று, படுக்கும்முன் ஒன்று. காலைக் குப்பிகள் முடியும்வரை பல் துலக்கக் கூடாது; ஈறிலிருந்து கசியும் இரத்தம் ஒரு துளி கலந்தாலும் எண் கெட்டுவிடும். தண்ணீரைத் தவிர எதுவும் வாயில் படக் கூடாது. பஞ்சை வாயில் இரண்டு நிமிடம் ஊறவைத்து, குப்பியில் இட்டு, மேலே லேபிளில் நேரத்தை எழுதி, உறைபெட்டியில் வைக்க வேண்டும். "எல்லாவற்றையும்விட நேரம் முக்கியம். தவறிப்போனாலும் பரவாயில்லை, தவறிய நேரத்தையே உள்ளபடி எழுதுங்கள்" என்றார் அந்தப் பெண்மணி. நான் தலையசைத்தேன்.

ஒரு பெயர் கிடைத்த நிம்மதி

முடிவு கேட்டவர்களுக்கு மட்டும் தரப்பட்டது. இது நோய் கண்டறிவதற்கான சோதனை இல்லை, தனி ஒருவரின் உடல்நிலை குறித்து இதை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தது. அந்த வரியைத் தாண்டி என் கண் நேராகக் கோட்டுக்குப் போனது. விழித்தபோது லிட்டருக்கு 12.5 நானோமோல், அரை மணியில் 11.8, முக்கால் மணியில் 10.8. எழுச்சி இல்லை. அன்றிரவு அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பேசியில் இதற்கு என்ன பொருள் என்று தேடினேன். தேடிய சில நிமிடங்களிலேயே எனக்கு ஒரு பெயர் கிடைத்தது: அட்ரீனல் களைப்பு. நீண்டகால அழுத்தத்தில் அட்ரீனல் சுரப்பி உழைத்து உழைத்து ஓய்ந்துவிடுகிறது, அதனால்தான் காலையில் எழ முடிவதில்லை, அதனால்தான் எதிலும் பிடிப்பில்லை என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு அறிகுறியும் எனக்காகவே எழுதியதுபோல் இருந்தது. ஒரு நாளில் நான்கு முறை எச்சில் எடுத்து அனுப்பினால் களைப்பின் படிநிலையைச் சொல்லி, அதற்கான மாத்திரைகளையும் அனுப்பிவைக்கும் சேவைகள் அந்தப் பக்கங்களின் ஓரங்களில் வரிசையாக நின்றன.

அட்ரீனல் களைப்பு என்றொரு நோயை நாளமில்லாச் சுரப்பி மருத்துவம் ஏற்பதில்லை. அதற்குச் சான்றாகக் காட்டப்பட்ட ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து 2016-இல் வெளியான முறையான மதிப்பாய்வு, அப்படி ஒரு நிலை இருப்பதற்கு ஆதாரம் இல்லை என்றே முடித்தது. அட்ரீனல் உண்மையிலேயே செயலிழப்பது அடிசன் நோயில். அது உயிருக்கு ஆபத்தானது. அதை இரத்தப் பரிசோதனையால்தான் உறுதி செய்கிறார்கள். இந்தப் பெயரை நம்பி மாத்திரை வாங்குபவர் அந்த நோயைக் கவனியாமல் விட்டுவிடக்கூடும் என்பது ஒரு கேடு. அத்தகைய மாத்திரைகள் சிலவற்றில் லேபிளில் குறிப்பிடாத தைராய்டு ஹார்மோனும் ஸ்டீராய்டும் இருப்பது ஆய்வகத்தில் கண்டறியப்பட்டிருப்பது இன்னொரு கேடு. களைத்துக் கிடக்கும் மனிதர்களின் துயரத்தை இப்படி விற்பனைச் சரக்காக்குவதை என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. உமிழ்நீர்க் கார்டிசாலுக்கு மருத்துவத்தில் உறுதியான இடம் இல்லாமல் இல்லை: கார்டிசால் அளவுக்கு மீறிச் சுரக்கும் குஷிங் நோய்க்குறியை ஐயுறும்போது, குறைந்தது இரண்டு இரவுகளில் நள்ளிரவை ஒட்டி உமிழ்நீரை எடுத்துப் பார்ப்பதை அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கத்தின் 2008-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் முதற்கட்டப் பரிசோதனைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. அங்கே கேள்வி தெளிவானது, நேரம் தெளிவானது, எல்லைக்கோடும் தெளிவானது. "நான் எவ்வளவு துன்பப்படுகிறேன்" என்ற கேள்விக்கு அப்படி ஓர் எல்லைக்கோட்டை யாரும் வகுத்ததில்லை.

இவற்றையெல்லாம் நான் பிறகுதான் படித்தேன். அன்றிரவு நான் படித்துவிட்டு அழுதேன். அது நிம்மதியின் அழுகை. நான்கு ஆண்டுகளாக யாரும் பார்க்காத ஒன்றை ஒரு கருவி பார்த்துவிட்டது என்ற நிம்மதி. அந்த நிம்மதியோடுதான் அடுத்த வாரம் அக்காவின் முன் தாளை நீட்டினேன்.

5.10, 5.45

மாத்திரை வாங்கும்முன் இன்னும் கொஞ்சம் படிக்கலாம் என்று நினைத்ததுதான் என்னைக் காப்பாற்றியது. விழிப்பு எழுச்சி ஏன் சிலருக்கு இல்லாமல் போகிறது என்று தேடிக்கொண்டே போனபோது, 2003-இல் வெளியான ஓர் ஆய்வின் சுருக்கம் கண்ணில் பட்டது. பஞ்சுகளை வைத்திருந்த டப்பாவின் மூடி, தான் திறக்கப்படும் நேரத்தைத் தானாகவே பதிவு செய்யும்படி ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்திருந்தார்கள். பங்கேற்றவர்கள் எழுதிய நேரத்தையும் மூடி சொன்ன நேரத்தையும் ஒப்பிட்டார்கள். குறித்த நேரத்தில் எடுக்காதவர்களின் காலைக் கார்டிசால் தாழ்ந்து கிடந்தது. அவர்களுடைய கோடு, உடல் எதையும் சொல்லாமலேயே, நேரப் பிசகினால் மட்டும் உருக்குலைந்திருந்தது.

அதைப் படித்த கணத்தில் எனக்கு அந்த விடியற்காலை நினைவுக்கு வந்தது. வந்தது என்று சொல்வது சரியில்லை. அது எப்போதும் அங்கேதான் இருந்தது, நான்தான் அதன் பக்கம் திரும்பவில்லை. முதல் நாள் காலை 5.10-க்கு அப்பாவின் குரல் கேட்டு விழித்தேன். அவர் படுக்கையை நனைத்திருந்தார்; குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார்; என்னைக் கண்டதும் வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். துணி மாற்றி, விரிப்பு மாற்றி, அவரை உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் இருந்துவிட்டு, பஞ்சை வாயில் வைத்தபோது மணி 5.45. லேபிளில் 5.10 என்று எழுதினேன். அடுத்த குப்பியை 6.15-க்கு எடுத்து 5.40 என்று எழுதினேன். அதற்கு அடுத்ததை 6.30-க்கு எடுத்து 5.55 என்று எழுதினேன். இரண்டாம் நாளும் ஏறக்குறைய அப்படியே நடந்தது. மூன்றாம் நாள் மட்டும் அப்பா அயர்ந்து தூங்கியதால் எல்லாவற்றையும் சரியாக எடுத்தேன். அந்த நாளின் எழுச்சி மூன்று நாள் சராசரியில் அமுங்கிப்போயிருந்தது. அதாவது, விழித்த கணத்தினுடையது என்று நான் கொடுத்த உமிழ்நீர் என் எழுச்சியின் உச்சத்தில் எடுத்தது. உச்சத்துக்கு அப்பால் இருப்பது இறக்கம்தானே? ஏறி முடிந்த மலையின் மறுபக்கத்தை வரைந்து வைத்துக்கொண்டு, இங்கே மலையே இல்லை என்று நான் அக்காவிடம் வாதாடியிருந்தேன்.

ஏன் அப்படி எழுதினேன் என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். அரை மணி நேரத்தில் என்ன பெரிய வேறுபாடு வந்துவிடும் என்ற அறியாமை ஒரு பகுதி. அதைவிடப் பெரிய பகுதி, சரியாகச் செய்யாதவர் என்று பெயர் வாங்கக் கூடாது என்ற அச்சம். எங்கோ ஓர் ஆய்வகத்தில் என் கையெழுத்தைப் பார்க்கப் போகும் முன்பின் அறியாத ஒருவர்கூட என்னை எடைபோட்டுவிடுவார் என்று விடியற்காலை 5.45 மணிக்கு அஞ்சியிருக்கிறேன். அழுத்தத்தை அளக்க வந்த லேபிளிலேயே அந்த அழுத்தம் எழுதப்பட்டிருந்தது. அதை அளக்க எந்த நொதியும் தேவைப்பட்டிருக்காது.

மறுநாள் ஆய்வுக் குழுவுக்குத் தொலைபேசியில் பேசினேன். நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை அந்தப் பெண்மணி குறுக்கிடவில்லை. ஏன் செய்தீர்கள் என்று கேட்கவும் இல்லை. "எங்கள் பெரிய கவலையே இதுதான். மிகவும் களைத்தவர்களால்தான் குறித்த நேரத்தில் எடுக்க முடிவதில்லை. நேரம் தவறினால் கோடு தட்டையாகிவிடுகிறது. அதைப் பார்த்து, களைத்தவர்களின் கோடு தட்டையாக இருக்கிறது என்று நாங்களே எழுதிவிடக்கூடும். நீங்கள் சொன்னது மிகவும் பயன்படும்" என்றார். என் எண்களை நீக்கிவிட்டு, நான் விரும்பினால் மறுபடி எடுத்துத் தரலாம் என்றார். இந்த முறை நேரத்தைப் பதிவு செய்யும் மூடி உண்டு என்பதையும், இரவில் எத்தனை முறை விழித்தேன் என்பதைக் குறிப்பேட்டில் தனியாக எழுத வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொன்னார். 2016-இல் இத்துறை வல்லுநர்கள் கூடி வகுத்த நெறிமுறையிலும், விழித்த நேரத்தையும் எடுத்த நேரத்தையும் கருவியால் சரிபார்க்க வேண்டும் என்பதுதான் முதன்மையான வலியுறுத்தல் என்று பிறகு அறிந்தேன். அக்காவிடம் அன்று எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

ஏறிய கோடு

இரண்டாம் முறை வந்த எண்கள் இவை: விழித்தபோது 8.4, அரை மணியில் 14.1, முக்கால் மணியில் 12.9. இரவில் படுக்கும்முன் 2-க்கும் கீழே. பாடப்புத்தகத்தில் போடக்கூடிய கோடு. அதைப் பார்த்து நான் மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு உண்டானது வெறுமை. களைப்பு அப்படியே இருந்தது; படிக்கட்டில் ஏறும்போது முழங்கால் நடுங்குவது அப்படியே இருந்தது; சில மாலைகளில் காரணமின்றிக் கண் கலங்குவதும் அப்படியே. சாட்சி மட்டும் போய்விட்டது.

அந்த வெறுமையிலிருந்து வெளியே வர எனக்கு உதவியது, எண்களைப் பற்றிய மேலும் சில எண்கள்தான். நடுவர்களின் முன் நிற்கும் சோதனையைச் செய்த ஆய்வுகளில், பங்கேற்றவர்கள் தாங்கள் உணர்ந்ததாகச் சொன்ன அழுத்தமும் அவர்களுடைய கார்டிசால் உயர்வும் எத்தனை முறை ஒத்துப்போயின என்று 2012-இல் ஒரு மதிப்பாய்வு கணக்கிட்டது. ஏறக்குறைய கால் பங்கு ஆய்வுகளில்தான் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு தெரிந்தது. ஒருவர் நடுநடுங்கிப் போகலாம், ஹார்மோன் அசையாமல் இருக்கலாம். இன்னொருவர் ஒன்றுமில்லை என்று சொல்லலாம், எச்சிலில் மூன்று மடங்கு ஏறியிருக்கலாம். உணர்வு பொய் என்றோ, உமிழ்நீர் பொய் என்றோ இதற்குப் பொருள் கொள்வது தவறு. அவை வெவ்வேறு நேரக்கணக்கில் நடக்கின்றன, வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன. கார்டிசால் கூடினால் கெடுதல், குறைந்தால் நலம் என்ற எளிய கணக்கும் நிற்பதில்லை. நாள்பட்ட அழுத்தம் குறித்த ஆய்வுகளைத் தொகுத்த 2007-ஆம் ஆண்டுப் பகுப்பாய்வில், துன்பம் தொடங்கிய காலத்தில் கூடியிருந்த கார்டிசால், ஆண்டுகள் செல்லச் செல்லத் தாழ்ந்து போவது தெரிந்தது. முதியவர்களிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், முந்தைய நாள் தனிமையையும் துயரத்தையும் அதிகம் உணர்ந்தவர்களுக்கு மறுநாள் காலை எழுச்சி அதிகமாக இருந்தது. எழுச்சி இருப்பதாலேயே ஒருவர் நன்றாக இருக்கிறார் என்று எப்படிச் சொல்வது? அதைவிட அடிப்படையான ஒன்றும் உண்டு: ஒரே மனிதரின் எழுச்சி நாளுக்கு நாள் மாறுகிறது, அது அவருடைய நிலையான இயல்பா, அந்த நாளின் நிலைமையா என்று பிரித்தறிய ஆறு நாள்கள்வரை அளக்க வேண்டியிருக்கும் என்று 2007-இல் காட்டியிருக்கிறார்கள். என்னிடம் இருந்தவை மூன்று நாள்கள்.

எனவே, வீட்டில் எச்சில் எடுத்து அளந்து தன் அழுத்தத்தை நிர்வகிக்கலாம் என்று யாராவது என்னிடம் சொன்னால், நான் தயங்குகிறேன். தியானமும் உடலைத் தளர்த்தும் பயிற்சிகளும் கார்டிசாலைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அது நூற்றுக்கணக்கானவர்களின் சராசரியில் தெரியும் மிதமான மாற்றம். தனி ஒருவர் இந்த மாதமும் அடுத்த மாதமும் எடுத்த குப்பிகளுக்கு இடையே அந்த மாற்றத்தைத் தேடினால், சரியாகத் தூங்காத ஓர் இரவும், கருத்தடை மாத்திரையும், புகைத்த ஒரு சிகரெட்டும், அரை மணி நேரப் பிசகும் அதை எளிதில் விழுங்கிவிடும். கூட்டத்தைப் பற்றி உமிழ்நீர் அருமையான செய்திகளைச் சொல்கிறது. பகல் முழுக்கச் சரிய வேண்டிய கார்டிசால் சரியாமல் தட்டையாகக் கிடப்பவர்களிடையே உடல்நலக் கேடுகள் கூடுதல் என்பதை, ஆயிரக்கணக்கானோரைப் பின்தொடர்ந்த ஆய்வுகள் காட்டியிருப்பது இந்தச் சிறு பஞ்சுத் துண்டுகளால்தான். அந்தப் பணியில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. மறுபடி அழைத்தால் மறுபடியும் எச்சில் கொடுப்பேன். என் துன்பத்தை நிறுவித் தரும்படி மட்டும் அதனிடம் கேட்க மாட்டேன்.

இரண்டாம் முறை அனுப்பிய தாள்களோடு, நான் எழுதிக் கொடுத்த இரவுக் குறிப்பின் நகலையும் சேர்த்திருந்தார்கள். அதை அதுவரை நான் மொத்தமாகப் பார்த்ததில்லை. முதல் இரவு: 12.30, 1.20, 2.50, 4.05, 5.20. இரண்டாம் இரவு: 1.10, 1.45, 3.30, 5.00. மூன்றாம் இரவு: 11.50, 1.35, 2.20, 3.40, 4.30, 5.15. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓரிரு சொற்கள்: கதவு, தண்ணீர், விரிப்பு, யாரென்று கேட்டார். மூன்று நாளும் நான் தானாகக் கண் விழிக்கவே இல்லை. ஒவ்வொரு முறையும் எழுப்பப்பட்டிருக்கிறேன். இதைச் சொல்ல எந்த ஆய்வகமும் தேவைப்பட்டிருக்கவில்லை, ஒரு கடிகாரமும் உள்ளபடி எழுதும் கையும் போதுமாக இருந்தன. ஆனால் குப்பிகளுக்காக என்று யாராவது எழுதச் சொல்லியிராவிட்டால் நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

அடுத்த முறை அக்கா வந்தபோது, முதலில் பழைய வரைபடத்தைப் பற்றிச் சொன்னேன். அது தவறானது, நேரத்தை நான்தான் மாற்றி எழுதினேன், என் கார்டிசால் இயல்பாகத்தான் இருக்கிறது என்றேன். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். "பிறகு ஏன் அப்படிக் காட்டினாய்?" என்று மட்டும் கேட்டாள். விடையாக இரவுக் குறிப்பை அவள் கையில் கொடுத்தேன். வரைபடத்தைப் பார்த்ததைவிட மிக நீண்ட நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலால் ஒவ்வொரு நேரத்தையும் தொட்டுக்கொண்டே போய், மூன்றாம் இரவின் அடியில் நின்று, "இதெல்லாம் ஒரே இரவா?" என்றாள். ஆமாம் என்றேன். வாரத்தில் இரண்டு இரவு தான் வந்து தங்குவதாக அவளாகவே சொன்னாள். அந்த ஆண்டில் எனக்குக் கிடைத்த அழுத்த மேலாண்மை என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் அந்த இரண்டு இரவுகளைத்தான் சொல்வேன்.

அவள் தங்கிய முதல் இரவு நான் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஏழு மணி நேரம் தூங்கினேன். காலையில் எழுந்து வந்தபோது அப்பா உறங்கிக்கொண்டிருந்தார். அக்கா நாற்காலியில் சாய்ந்தபடியே கண்ணயர்ந்திருந்தாள். மேசை மேல் என் குறிப்பேடு திறந்து கிடந்தது. நான் எழுதும்படி சொல்லியிருக்கவில்லை. அவளுடைய சாய்ந்த கையெழுத்தில் 12.40, 2.15, 3.50, 5.05 என்று நான்கு நேரங்கள் இருந்தன, 3.50-க்குப் பக்கத்தில் மட்டும், என்னை யாரென்று கேட்டார் என்று எழுதியிருந்தாள்.